ஷவரில் நீர் குறைந்தால்

ஷவரில் நீர் மெலிந்தவுடன் பிரஷர் பம்ப் வாங்கிவிடலாம் என்ற எண்ணமே பலருக்கு எழுகிறது. லோத்குண்டா பகுதி வாடிக்கையாளர்களுக்கு நாங்கள் சொல்வது: பல ஆயிரம் ரூபாயைச் செலவிடுமுன் ஷவரைத் திருகிக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள். வெறுங்குழாயில் நீர் நன்கு பாய்ந்தால் குறை ஷவரில்தான்.

ஹைதராபாத் கருங்கற்பாறை மீது அமைந்த நகரம். இங்கு போர்வெல் நீர் பெரும்பாலும் கடின நீரே. அதிலுள்ள கால்சியம், மக்னீசியம் உப்புகள், நீர் சூடாகும்போதும் உலரும்போதும் வெண்படிவாக இறுகித் துளைகளை அடைக்கின்றன. வெள்ளை வினிகரையும் நீரையும் சம அளவில் கலந்து, ஷவரை அதில் ஒரு மணி நேரம் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தால் படிவு கரையும். கழிவறை ஆசிட் அறவே கூடாது. மேற்பூச்சை அது அரித்துவிடும். ஷவரின் வாயில் சிறு வலை இருந்தால் அதில் தங்கிய மணலையும் கழுவிவிடுக. திரும்பப் பொருத்துகையில் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் கசியாது.

வெறுங்குழாயிலும் நீர் மெலிந்தே வந்தால், முதலில் வால்வுகள் முழுமையாகத் திறந்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும். அடுத்தது தொட்டியின் உயரம். 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். மேல்தளத்து ஷவருக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் இடையே 2 மீட்டரே இருந்தால் கிடைப்பது 0.2 பார் மட்டுமே. அத்தகைய வீட்டுக்குப் பம்ப் நியாயமான செலவு, கீழ்த்தளத்தாருக்கு அன்று. அதனையும் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில்தான் பொருத்த வேண்டும். குடிநீர் வாரிய இணைப்பில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சுவது தடைசெய்யப்பட்டது.