வாயில்லா ஜீவன்களின் வைத்தியர்

நோயாளி தன் வேதனையைச் சொல்ல, அதைக் கேட்டு மருந்து கொடுப்பவர் வைத்தியர். நோயாளி ஒன்றுமே சொல்லாதிருக்க, அதன் கண்ணையும் மூச்சையும் நடையையும் பார்த்து நோயை அறிய வேண்டியவர் மிருக வைத்தியர். இவ்விரண்டில் எது கடினம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் நம் நாட்டில் "மாட்டு வைத்தியர்" என்ற சொல் பெரும்பாலும் பரிகாசமாகவே வழங்கி வருகிறது. உழவனுடைய பசு கன்று ஈன முடியாமல் தவித்தால் நள்ளிரவில் கதவைத் தட்டி அழைக்கப்படுபவர் அவர்தாம். ஊரில் கௌரவம் செய்யும் வரிசையில் கடைசியாக நினைக்கப்படுபவரும் அவர்தாம். இதனால் நஷ்டம் அவருக்கு மட்டுமன்று. பிராணிகளுக்கும், அவற்றோடு வாழும் ஜனங்களுக்கும் அந்த நஷ்டத்தில் பங்குண்டு. அதை எடுத்துக்காட்டுவதே நம் நோக்கம்.

ஜீவகாருண்யம் நமது பரம்பரைச் சொத்து என்று மேடைதோறும் பேசுகிறோம். கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்லி முடித்துத் தெருவுக்கு வந்தால் காண்பது என்ன? நிற்கவும் இடமின்றி லாரியில் அடைக்கப்பட்டுச் செல்லும் மாடுகள். குப்பைத் தொட்டியில் பிளாஸ்டிக் பைகளைத் தின்று வயிறு வீங்கிய பசுக்கள். கல்லடிபட்டு நொண்டும் நாய்கள். முன்னோர் சேர்த்த சொத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவன், அதைத் தான் எவ்வாறு காப்பாற்றி வருகிறான் என்பதற்கும் கணக்குச் சொல்ல வேண்டாமா?

இந்தக் கணக்கைச் சுதந்திர இந்தியாவின் பாராளுமன்றத்தில் முதன்முதலாக வற்புறுத்திக் கேட்டவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ஸ்ரீமதி ருக்மிணி தேவி, 1952-இல் ராஜ்ய சபைக்கு நியமிக்கப்பட்டார். அன்று அமலிலிருந்தது 1890-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் சர்க்கார் இயற்றிய சட்டம். அதன் குறைகளைக் கண்ட அவர், பிராணிகளை வதைப்பதைத் தடுக்கத் தனி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். சர்க்காரே விரிவான மசோதா ஒன்றைக் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி கூறியதன் பேரில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அதன் பலனே 1960-ஆம் ஆண்டின் பிராணி வதைத் தடுப்புச் சட்டம். அச்சட்டத்தின்படி 1962-இல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். 2018 வரையில் அதன் தலைமை அலுவலகம் சென்னையிலேயே இருந்தது. நாட்டியத்தால் உலகப் புகழ் பெற்ற ஒருவர், வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடுவதையும் தமது கடமையாகக் கொண்டார் என்பது நாம் பெருமிதம் கொள்ளத்தக்க விஷயம்.

ஆனால் அந்தச் சட்டம் விதித்த தண்டனை என்ன? பிராணியை அடித்துத் துன்புறுத்துவது முதலிய குற்றங்களுக்கு, முதல் முறையானால் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை அபராதம். அறுபது ஆண்டுகள் கடந்த பின் 2022-இல்தான் இதைக் கடுமையாக்கும் திருத்த வரைவு பொதுஜன அபிப்பிராயத்துக்கு வெளியிடப்பட்டது. பிராணியைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப் பாரதிய நியாயச் சட்டத்தில் இடமுண்டு. எனினும் அன்றாடக் கொடுமைகள் அந்த அளவுக்கு எட்டுவதில்லை. ஐம்பது ரூபாயைக் கண்டு எந்தக் கொடியவன் அஞ்சுவான்?

அபராதத்தை உயர்த்திவிட்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. சட்டத்தின் கையும் கண்ணுமாக இருக்க வேண்டியவர் மிருக வைத்தியரே. கால்நடைகளை வண்டியில் ஏற்றுமுன் அவை பயணத்துக்குத் தகுதியானவை என்று சான்று தர வேண்டியவர் அவர். 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி, ஒரு வைத்தியர் ஒரு மணி நேரத்தில் 12 பிராணிகளுக்கு மேலும், ஒரு நாளில் 96 பிராணிகளுக்கு மேலும் பரிசோதிக்கக் கூடாது. சிந்தித்து இயற்றப்பட்ட விதி இது. ஆனால் பல ஊர்களுக்கு ஒரே வைத்தியர் என்றிருந்தால் விதி ஏட்டில் நிற்கும். கையெழுத்து மட்டும் காகிதத்தில் விழும். 5,000 கால்நடைகளுக்கு ஒரு வைத்தியர் வேண்டுமென்று தேசிய விவசாயக் கமிஷன் 1976-லேயே யோசனை கூறியது. 2019-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி இந்நாட்டின் கால்நடைகள் 53 கோடிக்கும் மேல். வைத்தியர்கள் போதவில்லை என்பதைப் பாராளுமன்றக் குழுக்களே பலமுறை சுட்டிக்காட்டியிருக்கின்றன.

"இரக்கம் இருந்தால் போதாதா, வைத்திய சாஸ்திரம் எதற்கு?" என்று கேட்பாரும் உண்டு. அவர்களுக்குப் பிணந்தின்னிக் கழுகுகளின் சரித்திரமே பதில். மாட்டின் வலியைப் போக்க டைக்ளோபினாக் என்ற மருந்து இந்நாட்டில் ஏராளமாக வழங்கப்பட்டது. கொடுத்தவர்கள் எண்ணியது நன்மையே. ஆனால் அந்த மருந்து உடலில் இருக்கும்போது இறந்த மாட்டைத் தின்ற கழுகுகள், சிறுநீரகம் கெட்டு மடிந்தன. 1992-க்கும் 2007-க்கும் இடையில் வெண்முதுகுக் கழுகுகளில் 100-க்கு 99-க்கும் மேல் அழிந்தன. காரணத்தை விஞ்ஞானிகள் 2004-இல் உறுதி செய்தார்கள். 2006-இல் மிருக வைத்தியத்தில் அம்மருந்து தடை செய்யப்பட்டது. கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்சிகாம் என்ற மாற்று மருந்தையும் ஆராய்ச்சியே காட்டிக் கொடுத்தது. இன்று நீலகிரியின் அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் கழுகுகள், அறிவில்லாத இரக்கம் என்ன செய்யும் என்பதற்கும், அறிவோடு கூடிய இரக்கம் எதைக் காப்பாற்றும் என்பதற்கும் சாட்சியாகப் பறக்கின்றன.

இரக்கமும் அறிவும் ஒருவரிடத்தே கூடியதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. வனத்துறையில் பணியாற்றி 2002-இல் காலமான டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை ஜனங்கள் "யானை டாக்டர்" என்றே அழைத்தார்கள். காட்டில் மாண்ட யானைகளின் அழுகிய சடலங்களை அறுத்துப் பரிசோதித்து, அவை எவ்வாறு இறந்தன என்பதைப் பதிவு செய்தார். துர்நாற்றத்துக்கு நடுவே கத்தியோடு நின்ற அந்த வேலையைக் கருணையின் வேலை என்று யாரும் சட்டென்று சொல்லமாட்டார்கள். ஆனால் இறந்த யானையின் சாவுக்குக் காரணம் தெரிந்தாலன்றி, உயிரோடிருக்கும் யானையைக் காப்பது எப்படி?

இப்போது தேசமெங்கும் வாதத்துக்குள்ளாகியிருக்கும் தெருநாய் விஷயத்துக்கு வருவோம். ஒரு பக்கத்தார் நாய்களையெல்லாம் அகற்று என்கிறார்கள். மறுபக்கத்தார் அவற்றைத் தொடாதே என்கிறார்கள். சுப்ரீம் கோர்ட்டு, கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்று 2025 ஆகஸ்டு 22-இல் கூறியது. வெறிநோய் கண்டவற்றுக்கும் மூர்க்கமானவற்றுக்கும் விலக்கு அளித்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பஸ் நிலையம், ரயில் நிலையம் முதலிய இடங்களில் பிடிக்கப்படும் நாய்களை அங்கே திரும்ப விடலாகாது என்று அவ்வாண்டு நவம்பர் 7-இல் உத்தரவிட்டது.

நாய் கடித்த குழந்தையின் பெற்றோர் கோபப்படுவதை நாம் குறை கூறமாட்டோம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநோயால் மடிகிறார்கள் என்றும், அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் மதிப்பிடப்பட்டிருக்கிறது. நோய் முற்றியபின் பிழைத்தவர் அரிதினும் அரிது. இந்தத் துயரை அற்பமாக எண்ணுவோரின் ஜீவகாருண்யம் ஊனமுற்ற காருண்யமாகும், மனிதனும் ஜீவன்தானே?

ஆனால் பரிகாரம் யாது? சென்னை நகரம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நாய்களைப் பிடித்துக் கொன்று பார்த்தது. நாய்களும் ஒழியவில்லை, நோயும் ஒழியவில்லை. குப்பை இருக்கும் வரையில், காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெரு நாய் வந்து சேரும். வருவது தடுப்பூசி போடாத நாய். இதைக் கண்டே, 1959-இல் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் சங்கத்தார் கருத்தடையே வழி என்று பல ஆண்டுகள் வாதாடினார்கள். 1990-களில் மாநகராட்சி அதை ஏற்றது, 2001-இல் அது தேசம் முழுமைக்கும் விதியாயிற்று, 2023-இல் புதுப்பிக்கப்பட்டது. ஓர் ஊரின் நாய்களில் 100-க்கு 70-க்குத் தடுப்பூசி போட்டு, அதை இடைவிடாது தொடர்ந்தால், வெறிநோயின் சங்கிலி அறுபடும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் முடிவு. பத்து நாய்களுக்கு ஊசி போட்டுப் படம் பிடித்துக்கொள்வதால் அது அறுபடாது. அரைகுறையாகச் செய்துவிட்டு, முறையே தவறு என்று பழிப்பது நியாயமன்று.

ஆகவே நாம் கோருவது இவை. மிருக வைத்தியர் பதவிகளைச் சர்க்கார் காலியாக வைத்திருக்கலாகாது. ஒவ்வொரு நகரசபையும் கருத்தடை நிலையத்தையும், பயிற்சி பெற்ற வைத்தியரையும், நாய் பிடிக்கும் ஆட்களையும் நிரந்தரமாக வைத்திருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் அபராதம் சரித்திரத்தோடு சேர வேண்டும். பொதுஜனங்களுக்கும் கடமை உண்டு. தெருநாய்க்குச் சோறு வைப்பவர், அதைக் கருத்தடைக்கும் ஊசிக்கும் ஒப்படைப்பதையும் தம் தர்மத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நாய் வளர்ப்போர் ஆண்டுதோறும் ஊசி போடத் தவறலாகாது. கடிபட்டவர் காயத்தை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்; மந்திரிப்பவரிடம் போய்க் காலத்தை வீணாக்கலாகாது.

1903-இல் தோன்றிய சென்னை மிருக வைத்தியக் கல்லூரியும், 1989-இல் இத்துறைக்கென்றே இந்தியாவில் முதன்முதலாக ஏற்பட்ட பல்கலைக்கழகமும் நம்மிடையே இருக்கின்றன. வித்தைக்குப் பஞ்சமில்லை. 1976 முதல் நமது அரசியல் சாசனமும் ஜீவகாருண்யத்தைப் பிரஜையின் அடிப்படைக் கடமையாகக் கூறி வருகிறது. வாயில்லா ஜீவன்கள் வோட்டுப் போடுவதில்லை, மகஜர் அனுப்புவதில்லை, ஊர்வலம் செல்வதில்லை. அவற்றுக்காகப் பேசுவோருக்குச் செவி கொடுப்பதும், அவற்றுக்குச் சிகிச்சை செய்வோருக்குக் கைகொடுப்பதும் நமது பொறுப்பு. அதை இரக்கமுள்ளோர் சிலரின் தலையில் சுமத்திவிட்டுச் சர்க்காரும் ஜனங்களும் ஒதுங்கியிருக்க முடியாது.