பிரியாணித் தட்டும் மளிகைக் கடைக் கணக்கும்

ஓசூருக்குத் தொழிற்பேட்டை வந்தபோது கூடவே பல ஊர்ப் பசியும் வந்து சேர்ந்தது. 1970களில் சிப்காட் வளாகம் அமைந்து, 1980களில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் போன்ற பெரிய ஆலைகள் இயங்கத் தொடங்கிய பிறகு, தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஏற்கெனவே புழங்கிய இந்த எல்லை ஊரில் மலையாளமும் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கத் தொடங்கின. கிருஷ்ணகிரியோ சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலைச் சாலைகள் கூடும் இடம். லாரி நிற்கும் ஊரில் சோற்றுக் கடைக்குப் பஞ்சம் இராது.

இன்று இந்தச் சாலைகளில் எங்கு பார்த்தாலும் பிரியாணிக் கடைப் பலகைகள். தொடக்கத்தில் பலகையில் "பிரியாணி" என்று மட்டும் இருந்தது. இப்போது ஊர்ப் பெயர் இல்லாமல் பலகை இல்லை. ஆம்பூர், திண்டுக்கல், ஐதராபாத், ஒசகோட்டை, தொன்னை பிரியாணி என்று பெயர்கள் நீள்கின்றன. இதில் மளிகை வியாபாரிக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எல்லாமே இருக்கிறது என்பதே நம் பதில். கறியைத் தவிர அந்தத் தட்டில் உள்ள ஏறக்குறைய எல்லாச் சரக்கும் நம் கடைத் தராசில் ஏறி இறங்கியதுதான்.

தட்டில் தெரியும் சரக்கு

வணிக நண்பர்கள் சிலருடன் அண்மையில் ஓசூரில் பல ஊர்ப் பிரியாணிகளையும் செய்து தரும் உணவகம் ஒன்றில் பகல் உணவுக்கு அமர்ந்தோம். ஆளுக்கு ஒரு வகை வாங்கி, எல்லாவற்றையும் எல்லோரும் சுவைத்தோம். சுவையைப் பற்றிப் பேசியதைவிடச் சரக்கைப் பற்றிப் பேசியதே அதிகம். வியாபாரிகள் உட்கார்ந்த மேசை வேறு எப்படி இருக்கும்!

ஆம்பூர் வகையில் சீரகச் சம்பா அரிசி. காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது சேர்ப்பதால் சோற்றில் மெல்லிய செம்மை. அரிசியைத் தனியே முக்கால் பதம் வேகவைத்து, வடித்து, கறியுடன் சேர்த்துத் தம் போடுகிறார்கள். பக்கத்தில் கத்தரிக்காய்க் குழம்பும் தயிர் வெங்காயமும் வைக்காவிட்டால் அது ஆம்பூர் ஆகாது. ஆர்க்காட்டு நவாபுகளின் சமையல் வழி வந்தது இது என்பது மரபு. ஆம்பூரின் ஸ்டார் பிரியாணிக் குடும்பத்தார் தங்கள் கடை 1890ஆம் ஆண்டு உசேன் பேக் என்பவரால் தொடங்கப்பட்டது என்கிறார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து வாணியம்பாடி வழியாகப் போனால் ஆம்பூர் அடுத்த வீடு போலத்தான். ஆகவே நம் பகுதிக்கு முதலில் பழகிய பிரியாணி இதுவே.

திண்டுக்கல் வகையிலும் சீரகச் சம்பாதான். ஆனால் அரிசி மசாலாச் சாற்றிலேயே வேகிறது. மிளகின் காரம் முன்னே நிற்கிறது. 1957இல் நாகசாமி நாயுடு திண்டுக்கல்லில் தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் கட்டிய தலைப்பாகையால் "தலப்பாக்கட்டி" என்று பெயர் பெற்றது. அந்தப் பெயருக்காகப் பின்னாளில் நீதிமன்ற வழக்குகள் நடந்ததும் வணிகர்கள் அறிந்ததே. ஒரு கடைப் பெயருக்கு எவ்வளவு மதிப்பு உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தொன்னை பிரியாணி எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சரக்கு. பெங்களூரின் மிலிட்டரி ஓட்டல்களில் வளர்ந்தது. கொத்தமல்லித் தழை, புதினா, பச்சை மிளகாய் மூன்றும் அரைத்து ஊற்றுவதால் சோறு பச்சை ஓடியிருக்கும். அதற்கும் சிறுமணி அரிசியே பொருந்துகிறது. ஒசகோட்டையில் விடியற்காலையிலேயே வண்டி வண்டியாக வந்து வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிறார்கள். இரவுப் பணி முடித்து வரும் தொழிலாளர்கள் நிறைந்த ஓசூருக்கு அந்த நேரக் கணக்கு மிகவும் பொருந்தும்.

ஐதராபாத் வகைதான் அரிசியிலேயே வேறு. நீள மணி பாசுமதி. தயிரிலும் மசாலாவிலும் ஊறிய பச்சைக் கறியின் மேல் பாதி வெந்த அரிசியைப் பரப்பி, பாத்திர வாயை மாவால் ஒட்டித் தம் போடுவது அதன் முறை. மணி ஒன்றோடொன்று ஒட்டாமல் நீண்டு நிற்க வேண்டும். இந்த இடத்தில் சீரகச் சம்பாவைப் போட்டாலும் தவறு. ஆம்பூர்ச் சட்டியில் பாசுமதியைப் போட்டாலும் தவறு.

மூட்டையின் மேல் உள்ள பெயர்

நான்கு பலகைப் பெயர்கள் இருந்தாலும் அரிசி இரண்டு இனத்தில் அடங்கிவிடுகிறது என்பது அந்த மேசையில் நமக்குத் தெளிவானது. ஆனால் "சீரகச் சம்பா" என்ற ஒரே பெயரில் கடைக்கு வரும் மூட்டைகள் ஒரே சரக்கு அல்ல.

முதலாவது, நம் மரபு நெல்லான சீரகச் சம்பா. சீரகம் போல் சிறுத்த மணி, நீண்ட நாள் பயிர், விளைச்சல் குறைவு. அதனால் விலை கூடுதல். இரண்டாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2019இல் வெளியிட்ட வி.ஜி.டி. 1. வைகை அணை ஆராய்ச்சி நிலையத்தில் ஆடுதுறை 43உடன் சீரகச் சம்பாவை இணைத்து உருவாக்கியது. மணி சிறியது, விளைச்சல் கூடுதல். மூன்றாவது, மேற்கு வங்கத்திலிருந்து வரும் சிறுமணி வாசனை அரிசி. அங்கே அது கோவிந்தபோக் போன்ற சொந்தப் பெயர்களில் விளைகிறது. கோவிந்தபோக் 2017இல் புவிசார் குறியீடும் பெற்றது. தெற்கே வந்ததும் பல இடங்களில் அதுவும் சீரகச் சம்பா ஆகிவிடுகிறது.

இவற்றில் எதுவும் கெட்ட அரிசி அல்ல. ஆனால் ஒவ்வொன்றும் தண்ணீரை வேறு விதமாகக் குடிக்கும். வேகும் நேரமும் வேறு. போதாக்குறைக்குப் புது அரிசி, பழைய அரிசி என்ற வேறுபாடு. புது அரிசி சீக்கிரம் குழையும். ஓராண்டு இருப்பில் கிடந்த அரிசி கூடுதல் தண்ணீர் இழுத்து, உதிரியாக நின்று, அளவும் கூடக் கொடுக்கும். ஒரே விலைப்பட்டியல் பெயரில் இந்த மாதம் ஒன்றும் அடுத்த மாதம் மற்றொன்றும் அனுப்பினால், பெரிய தேக்சாவில் 20 கிலோ அரிசி போடும் மாஸ்டரின் கைக்கணக்கு தவறிப் போகும். "அண்ணே, போன தடவை வந்த அரிசி மாதிரி இது இல்லையே" என்று அவர் சொன்னால் அது பேரம் பேசும் தந்திரம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு தேக்சா குழைந்தால் அவருக்கு அரிசி மட்டுமா போகிறது? கறியும் நெய்யும் அன்றைய பகல் வியாபாரமும் சேர்ந்தே போகின்றன.

செயற்கை மணம் ஏற்றிய அரிசியும் சந்தையில் நடமாடுகிறது. மூட்டையை அவிழ்த்ததும் தூக்கலாக அடிக்கும் வாசனை, இரண்டு தண்ணீர் கழுவியதும் மறைந்தால் ஐயப்பட வேண்டும். நல்ல சரக்கின் மணம் வேகும்போதுதான் எழும். பாசுமதிக்கு 1-8-2023 முதல் மத்திய அரசின் தரக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது; செயற்கை மணமும் நிறமும் அதில் கூடாது.

இரண்டு ரூபாய்க் கணக்கு

ஓட்டல்காரர் எப்போதும் விலையைக் குறைக்கச் சொல்வார். நாமும் குறைந்த சரக்கை எடுத்துக் கொடுத்துவிடத் துணிவோம். அங்கே ஒரு நிமிடம் நின்று கணக்குப் போட்டுக் காட்ட வேண்டும்.

ஒரு கிலோ அரிசியில் 8 தட்டு எனக் கொள்வோம். நல்ல பழைய அரிசிக்கும் மட்டமான அரிசிக்கும் கிலோவுக்கு 16 ரூபாய் வித்தியாசம் என்றாலும், ஒரு தட்டுக்கு வருவது 2 ரூபாய்தான். தட்டின் விலையில் பெரும்பங்கு கறிக்கும் எரிபொருளுக்கும் ஆள் கூலிக்கும் வாடகைக்கும் போகிறது. இரண்டு ரூபாயை மிச்சம் பிடித்துத் தட்டின் பெயரைக் கெடுப்பது யாருக்கும் லாபம் அல்ல. இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் மளிகைக்காரரை ஓட்டல்காரர் எளிதில் விடமாட்டார்.

இது ஏன் இப்போது முக்கியம்? பல ஊர்களில் கிளை நடத்தும் பெரிய பிரியாணி நிறுவனங்கள் பொதுவாக ஆலையிடமே மொத்தமாக வாங்கி, மசாலாவையும் ஒரே இடத்தில் அரைத்து அனுப்புகின்றன. அவர்கள் திறக்கும் கிளைகளால் நம் உள்ளூர் மண்டிக்கு அதிக வியாபாரம் இல்லை. நம்மை நம்பி நிற்பவர் ஒரு தேக்சா, இரண்டு தேக்சா போடும் சிறு கடைக்காரர். நாள் ஒன்றுக்கு 10 கிலோ அரிசி போட்டால் மாதம் 300 கிலோ; 26 கிலோ சிப்பத்தில் ஏறக்குறைய 12 சிப்பம். அதனுடன் எண்ணெய், நெய், பட்டை, கிராம்பு, ஏலக்காய், அன்னாசிப்பூ, மராட்டி மொக்கு, மிளகாய். அவர் நின்றால் நம் கடை நிற்கும். அவர் படுத்தால் நம் பற்று ஏடும் படுத்துவிடும்.

வரியும் எல்லையும்

18-7-2022 முதல், 25 கிலோ வரையிலான எடையில் பொட்டலமிட்டு விவரம் அச்சிட்ட அரிசிக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்தது. 26 கிலோ, 30 கிலோ சிப்பங்கள் பெருகியதன் காரணம் இதுதான். மறுபுறம், சாதாரண உணவகங்கள் 15-11-2017 முதல் 5 சதவீதம் வரி வசூலித்தாலும், தாம் வாங்கிய சரக்கில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே நம் பட்டியலில் ஏறும் ஒவ்வொரு வரி ரூபாயும் அவருக்கு நேர்ச் செலவு. மூட்டையாக வாங்க வாய்ப்புள்ளவருக்குச் சிறு பை கொடுத்து விலை ஏற்றக் கூடாது. நெய்க்கு இருந்த 12 சதவீதம் 22-9-2025 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் குறைவு அவர் பட்டியலிலும் தெரிய வேண்டும்.

எல்லை வியாபாரிக்கு இன்னொரு எச்சரிக்கை. 1-7-2017இல் ஜி.எஸ்.டி. வந்த கையோடு வணிகவரிச் சோதனைச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் எல்லை போய்விடவில்லை. காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. அத்திப்பள்ளி ஓட்டலுக்கு நம் வண்டியில் மூட்டை அனுப்பினால் அது வெளிமாநில விற்பனையே. பக்கத்து ஊர்தானே என்று எண்ணாமல், முதலில் கணக்காளரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கலர் பொடி வேண்டாம்

பிரியாணியில் செயற்கை நிறம் சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகளில் இடமில்லை. இனிப்பு, ஐஸ்கிரீம் போன்ற குறிப்பிட்ட சில பண்டங்களுக்கே, அதுவும் அளவோடு அனுமதி. கர்நாடக அரசு 2024இல் கோபி மஞ்சூரியனிலும் கபாபிலும் செயற்கை நிறங்களைத் தடை செய்தது. பிரியாணிக் கடைக்காரர் கலர் பொடி கேட்டால், நிறம் மிகுந்து காரம் குறைந்த பேடகி மிளகாயை எடுத்துக் கொடுங்கள். நிறமும் வரும், நம் கடைக்கும் நியாயமான விற்பனை. பொடிப் பொட்டலத்தில் கிடைக்கும் லாபத்துக்காக அவரை வழக்கில் மாட்டிவிடுவது வியாபாரம் ஆகாது.

நாள் பார்த்து இருப்பு

பிரியாணி விற்பனைக்கு ஞாயிறு உச்சம் என்பது எல்லோருக்கும் தெரியும். நம் பகுதிக்கு இரண்டு பஞ்சாங்கம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. தமிழ்க் குடும்பங்களுக்குப் புரட்டாசியில் கறி விலக்கு. கன்னட, தெலுங்குக் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிராவண மாதத்தில் விலக்கு. யுகாதிக்கு மறுநாள் வரும் ஒசதொடக்கு அன்று எல்லைப் பகுதியில் கறி விற்பனை கொடிகட்டிப் பறக்கும். அதற்கு முந்தைய வாரமே மசாலாச் சரக்கு கடையில் இருக்க வேண்டும். புரட்டாசி தொடங்குமுன் ஓட்டல் பற்றுகளை வசூலித்துக்கொள்வதும் அனுபவஸ்தர்கள் கடைப்பிடிக்கும் முறையே. அந்த மாதத்தில் அவரிடமும் பணப்புழக்கம் இராது.

நாம் செய்ய வேண்டியது இவ்வளவே. மூட்டையில் என்ன அரிசி, எந்த அறுவடை, புதிதா பழையதா என்பதை ஆலையிடம் கேட்டு எழுதி வைப்போம். சரக்கு மாறினால் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்வோம். புது லாட் வந்தால் அரை கிலோ மாதிரி கொடுத்து, வேகவைத்துப் பார்த்த பிறகு மூட்டை எடுக்கச் சொல்வோம். வங்க அரிசியை வங்க அரிசி என்றே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்போம். பலகையில் எந்த ஊர்ப் பெயர் இருந்தாலும், அந்தச் சோறு சொன்னபடி வர வேண்டும் என்றால், நம் பட்டியலில் உள்ள பெயரும் மூட்டைக்குள் இருக்கும் அரிசியும் ஒன்றாக இருந்தாக வேண்டும்.