பொடுதலைக்கு எத்தனை பெயர்?

ஊரிலிருந்து வரும் பொதியில் ஒடியல், மிளகாய்த்தூளோடு ஒரு சிறு பையில் பொடுதலைப் பொடியும் வருவதுண்டு. இங்கே ரொறன்ரோவில் அம்மாவை வைத்தியரிடம் கூட்டிச் செல்கிறோம். "வேறு ஏதாவது மருந்து எடுக்கிறாரா?" என்று வைத்தியர் கேட்கிறார். அம்மா ஒளிக்காமல் சொல்லிவிடுகிறார். மொழிபெயர்க்கப் போன நாம்தான் திகைத்து நிற்கிறோம். கடைசியில் "ஏதோ இலை" என்று சொல்லிச் சமாளிக்கிறோம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு எந்த வைத்தியரும் எதையும் சரிபார்க்க முடியாது. ஆகவே, இம்முறை பொடுதலையை அதன் முழு விலாசத்தோடு அறிந்துகொள்வோம்.

வாய்க்கால் ஓரத்திலும், வயல் வரம்பிலும், குளக்கட்டிலும் நிலத்தோடு ஒட்டிப் படரும் சிறு பூண்டு இது. தண்டு மண்ணைத் தொடும் கணுக்களில் வேர்விடும். இலைகள் எதிரெதிராக இரண்டிரண்டாய் அமையும். அடி ஒடுங்கி நுனி அகன்று, சிறு கரண்டி போல இருக்கும். நுனிப் பக்கம் மட்டும் பல் பல்லாக வெட்டியிருக்கும். சிங்களத்தில் இதனை 'ஹிரமணதெத்த' என்பர். ஹிரமண என்றால் நமது தேங்காய்த் திருவலை. இலையின் பல்லைப் பார்த்தவர்களுக்குப் பெயர்க் காரணம் உடனே விளங்கும்.

இலைக் கக்கத்திலிருந்து நீண்ட காம்பு எழும். அதன் தலையில் வெள்ளையும் இளஊதாவுமான மிகச் சிறிய பூக்கள் நெருங்கியிருக்கும். அவை கீழிருந்து மேலாக, வளையம் வளையமாக விரியும். பூத்தலை காய்க்கும்போது சற்று நீளும். தமிழில் பொடுதலை என்ற பெயர், பொடுகுக்கு இதன் எண்ணெயைத் தலையில் பூசியதால் வந்ததென்பர்.

இனி அறிவியற் பெயருக்கு வருவோம். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் இதற்கு 'வேர்பீனா நோடிஃபுளோரா' என்று பெயரிட்டார். நோடிஃபுளோரா என்றால் கணுவில் பூப்பது. 1803இல் வெளிவந்த, மிஷோ என்பவரின் வட அமெரிக்கத் தாவர நூலில் அது 'லிப்பியா' ஆயிற்று. 1899இல் அமெரிக்கரான கிரீன் அதனை 'ஃபைலா' இனத்துக்கு மாற்றினார். இன்று வழங்குவது 'ஃபைலா நோடிஃபுளோரா'. பழைய மூலிகை நூல்களில் லிப்பியா என்றே காணப்படும். இரண்டும் ஒரே செடிதான். குடிவரவுத் தாள்களில் முதற்பெயரும் குடும்பப் பெயரும் இடம்மாறிப்போன நமக்கு இது புதுமையன்று. ஆள் மாறவில்லை, தாள்தான் மாறியது.

 பொடுதலையின் உறவினர் இங்கே உண்டு. தென் ஒன்ராறியோவின் ஈரமான கரைகளில் வளரும் 'ஃபைலா லான்சியோலாற்றா' அதே இனத்தது. அதன் இலை ஈட்டிபோல் நுனி கூர்ந்திருக்கும். பற்களும் இலையின் கீழ்ப்பாதியிலிருந்தே தொடங்கும். ரொறன்ரோவின் ஈரநிலங்களில் நிமிர்ந்து வளர்ந்து நீலக் கதிர் விடும் 'வேர்பீனா ஹஸ்ராற்றா'வும் அதே குடும்பம். லின்னேயஸ் நமது பொடுதலைக்குப் பெயரிட்ட அதே 1753ஆம் ஆண்டு நூலில்தான் இதற்கும் பெயரிட்டார்.

உறவு என்பதற்காக ஒன்றுக்கு ஒன்று மருந்தாகிவிடாது. எனவே, ஆற்றங்கரையில் "ஊர்ப் பொடுதலை மாதிரி" ஒன்றைக் கண்டு பறித்துத் துவையல் அரைக்க வேண்டாம். நகரப் பூங்காக்களில் செடி பிடுங்குவது மாநகர விதிகளுக்கும் மாறானது. உரிய அனுமதிப் பத்திரமின்றி ஊரிலிருந்து நாற்றுக் கொண்டுவரவும் கூடாது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெரியவர்கள் பாவிக்கும் ஒவ்வொரு மூலிகையின் தமிழ்ப் பெயரையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பக்கத்திலே அறிவியற் பெயரை ஆங்கில எழுத்தில் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதையும் குறியுங்கள். அடுத்த தடவை வைத்தியரிடமும் மருந்துக்கடையிலும் அந்தக் கொப்பியை நீட்டுங்கள். வேறு மருந்தோடு அது ஒத்துப்போகுமா என்று அவர்கள் தேடிப்பார்க்க அந்தப் பெயர் வேண்டும்.

தமிழ்ப் பெயரை எழுதப் பிள்ளைகள் அம்மம்மாவிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். கேட்கட்டும். பொடுதலை என்ற சொல்லும் அந்தக் கொப்பியில் இருக்கட்டும்.