தூளி கட்ட இடமுள்ள வண்டி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஓரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில் டிரெய்லர் என்றால் கன்டெய்னர் ஏற்றிய நீள வண்டிதான் நினைவுக்கு வரும். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப்போகும் சின்னக் கேம்பர், உள்ளே இருவர் படுக்க மெத்தை, பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்புத் திட்டு என்ற வகை வண்டி இங்கே அபூர்வம். ஆனால் அதற்கு வேண்டிய பாகங்கள் பலவும் இந்த வட்டாரத்தில்தான் தயாராகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல் கார் செய்துவருகிறது. ஓரகடத்துக்கு ரெனோ-நிசான் 2010இலும் டெய்ம்லரின் பாரத்பென்ஸ் 2012இலும் வந்தன. டயருக்கு அப்போலோ, கண்ணாடிக்குச் செயின்ட் கோபேன் என்று அக்கம்பக்கமும் நிறைந்திருக்கிறது. 2021 அக்டோபரில் கேரள அரசு கேரவன் சுற்றுலாத் திட்டத்துக்காக அறிமுகம் செய்த வண்டி பாரத்பென்ஸின் 1017 பஸ் சேசிஸ் மீது கட்டப்பட்டது. 2022இல் மஹிந்திரா, சென்னை ஐஐடியில் வளர்ந்த கேம்பர்வேன் ஃபேக்டரி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பொலிரோ வண்டியைக் கேம்பராக்கும் ஒப்பந்தம் போட்டது. இந்த முயற்சிகள் எல்லாமே சோபா, டிவி, குளியலறை என்று பெரியவர்களின் சொகுசை அளவுகோலாக வைத்தவை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளையோடு கிளம்பும் குடும்பத்துக்கு அந்த அளவுகோல் உதவாது. நம் ஊரில் குழந்தைக்காக ஒரு சின்னக் கேம்பரை மாற்றி அமைப்பவர் முதலில் பணம் போடவேண்டியது வெயிலைத் தடுப்பதிலும் காற்றை வரவைப்பதிலும்தான். படுக்கை, அலமாரி, பொம்மைப் பெட்டி எல்லாம் அதற்குப் பிறகே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கண்ணீர்த்துளி வடிவச் சின்னக் கேம்பர் 1930களில் அமெரிக்காவில் பரவியது. இரவுக் குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பவர்களுக்கு அது பொருந்தும். சென்னையிலோ 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவாகியிருக்கிறது. வெயிலில் நிற்கும் மூடிய காரை அளந்து 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி கூடுகிறது, அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணிக்குள்ளேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய மாற்றமில்லை என்றும் அது கண்டது. கேம்பரில் கண்ணாடி குறைவு என்பதால் ஏற்றம் சற்று மெதுவாக இருக்கலாம். ஆனால் சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை எச்சரிக்கிறது. மதியத் தூக்கத்துக்குப் பிள்ளையை உள்ளே கிடத்திக் கதவைச் சாத்தும் பழக்கத்துக்கு நம் கோடையில் இடமே கிடையாது.

ஏசி போட்டுக்கொண்டால் போதாதா என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி முழுதாக நிறைந்திருந்தால் 1.8 யூனிட். ஒரு டன் ஏசி மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும், ஆகவே இரண்டு மணி நேரத்துக்குள் பேட்டரி படுத்துவிடும். குழந்தை வியர்த்து விழித்துக்கொள்ளும்போது நள்ளிரவுகூட ஆகியிருக்காது. 30 வாட் பிஎல்டிசி ஃபேன் பத்து மணி நேரம் சுற்றினாலும் 0.3 யூனிட்தான். எனவே வெயில் கூரையைத் தொடாமல் பார்த்துக்கொள்வதே சிக்கனமான வழி. கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டு வெள்ளைத் தார்ப்பாயைப் பந்தல்போல இழுத்துக் கட்டினால், சூடு தார்ப்பாயோடு நின்றுவிடும், இடையே காற்று ஓடும். சுவருக்குத் தொழிற்சாலைக் கூரைகளில் போடும் பஃப் பேனல் பொருந்தும். இந்த வட்டாரத்து ஷெட் கட்டுபவர்களுக்கு அதை வெட்டி ஒட்டுவது தெரிந்த வேலை. ஜன்னலைப் பொறுத்தவரை, ஒன்று குழந்தை படுக்கும் உயரத்திலும் மற்றொன்று எதிர்ச்சுவரில் கூரையோரமும் இருக்கவேண்டும். சூடான காற்று மேலேறி வெளியே போக, கீழே புதுக்காற்று நுழையும். இரண்டுக்கும் கொசுவலை கட்டாயம், ஏனென்றால் டெங்கு கொசு கடிப்பது பகலில். சதுர அங்குலத்துக்கு 156 துளைகள் உள்ள வலை கொசுவைத் தடுத்துக் காற்றை விடும்.

தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் அருண் பிரபு, ஆட்டோ ரிக்‌ஷா மீது 36 சதுர அடியில் சோலோ .01 என்ற நடமாடும் வீட்டைக் கட்டினார். செலவு ஏறக்குறைய ஒரு லட்ச ரூபாய். பழைய பொருட்களை மறுபடி பயன்படுத்தியது, வீட்டைப் போல்ட் கழற்றித் தனியே எடுக்கும்படி அமைத்தது, 600 வாட் சோலார் தகடு வைத்தது எல்லாம் நாம் கற்றுக்கொள்ளவேண்டியவை. ஆனால் அது ஓரிரு பெரியவர்களுக்கான திட்டம். அதில் 250 லிட்டர் தண்ணீர்த் தொட்டி உண்டு. நிரப்பினால் கால் டன். காருக்குப் பின்னால் ஒற்றை அச்சில் ஓடும் டிரெய்லரில் அவ்வளவு எடை எங்கே உட்காருகிறது என்பது உயிர்ப் பிரச்சினை. குழந்தையின் சாமான்களை, அதாவது டயப்பர் மூட்டை, மடக்குத் தள்ளுவண்டி, தண்ணீர் கேன் ஆகியவற்றைப் பின்கதவு ஓரம் அடுக்குவதே எல்லோருக்கும் கைவரும் வழக்கம். பின்பக்கம் கனத்தால் கொக்கி மேல்நோக்கி இழுபடும், வேகம் கூடும்போது டிரெய்லர் இருபுறமும் வாலாட்டத் தொடங்கும், காரையும் சேர்த்து இழுக்கும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியை அழுத்தும்படி, கனமானவற்றை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வைக்கவேண்டும்.

இனி தூளி. ஓரகடம், வல்லம் வடகால் பக்கம் கட்டட வேலைக்கு வரும் பெண்கள் வேப்பங்கிளையில் பழம்புடவையைக் கட்டிப் பிள்ளையைத் தூங்கவைப்பார்கள். புது இடத்தில் மிரண்டு அழும் குழந்தையை அடக்க, கேம்பர் கடைகளில் விற்கும் எந்தச் சாதனத்தையும்விட அம்மாவின் புடவை வேலை செய்யும் என்பது என் கட்சி. அதற்கு வண்டியில் இடம் செய்யவேண்டும். பிளைவுட் தகட்டில் திருகாணி போட்டுக் கொக்கி மாட்டினால் ஆட்ட ஆட்ட மரம் பிளந்து ஒருநாள் பிடுங்கிக்கொள்ளும். சட்டகத்தின் இரும்புக் குழாயைத் துளைத்து, மறுபக்கம் பட்டை வைத்து நட்டு போட்டு முறுக்கிய வளையமே நிற்கும். பிள்ளை பத்துக் கிலோதான், ஆனால் அண்ணன்காரனும் தொங்குவான், எனவே நூறு கிலோவுக்குக் கணக்கிடுங்கள். தூளியை வெளிப்பந்தலின் நிழலில் தொங்கவிட்டால் காற்றும் கிடைக்கும். வண்டி ஆடாதிருக்க நான்கு மூலையிலும் ஜாக் இறக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கவேண்டும். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரின் பின்பக்கம் ஒருவர் ஏறினாலே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும்.

தூளியைக் குழந்தை மருத்துவர்கள் ஏற்பதில்லையே என்ற மறுப்பு நியாயமானது. வளைந்த துணிக்குள் கழுத்து மடங்கினால் கைக்குழந்தைக்கு மூச்சு தடைபடும். பெரிய பிள்ளைகள் தூளிப் புடவையில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகள் தமிழ்ப் பத்திரிகைகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆகவே கைக்குழந்தைக்குத் தூளி வேண்டாம். வளர்ந்த பிள்ளைக்கும் பகலில், ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். பிள்ளை எழுந்ததும் புடவையைக் கழற்றி மடித்து வைத்துவிடவேண்டும். இரவுக்குத் தரைமட்டத்தில் சமதளமான கெட்டி மெத்தை, 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளியில்லாத மரத்தடுப்பு. ஆறு வயதுக்குள் மேல்படுக்கை கூடாது. அடுப்பை வண்டிக்கு வெளியே வையுங்கள். கசியும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும், குழந்தை படுத்திருப்பதும் அங்கேதான்.

ஓடும்போது டிரெய்லருக்குள் யாரும் இருக்கக்கூடாது, தூங்கும் பிள்ளையானாலும் சரி. அதன் இடம் காரின் பின்னிருக்கையில், குழந்தை இருக்கையில். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு, 14 வயதுக்குட்பட்டவரைப் பட்டியோ குழந்தை இருக்கையோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்கிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்காப் மோதல் சோதனையில் குழந்தைப் பொம்மைகளும் இடம்பெறுகின்றன. மோதல் சோதனைக் கூடத்தோடு கார்க் என்ற மத்திய அரசு மையம் ஓரகடத்திலேயே இருக்கிறது. ஆனால் அப்படிச் சோதிப்பது காரைத்தான், ஷெட்டில் கட்டிய கூட்டை யாரும் மோதிப் பார்ப்பதில்லை. சட்டப்படி டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான், பதிவு தேவை. வண்டியை மாற்றியமைப்பதை 52ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வெல்டிங் தொடங்குமுன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுவது செலவையும் அலைச்சலையும் மிச்சப்படுத்தும்.

இவ்வளவு பாடு எதற்கு, லாட்ஜில் அறை எடுக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வருடத்துக்கு ஒரு பயணம் போகிறவர்களுக்கு அறைதான் சரி. அடிக்கடி போகும் குடும்பத்துக்கு, எங்கே போனாலும் அதே மெத்தை, அதே கொசுவலை, கைக்கெட்டும் தூரத்தில் கஞ்சி காய்ச்சும் பாத்திரம் என்பது குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்காத ஏற்பாடு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பகிர்ந்தால் கட்டுப்படியும் ஆகும். முதல் பயணத்துக்கு மலை வேண்டாம். ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. வேடந்தாங்கல் பக்கம் போகலாம், பறவைகளும் இருக்கும். சரணாலயத்துக்குள் தங்க முடியாது. ஊருக்குள் அனுமதி கேட்டு, கழிவறை உள்ள தோப்பில் நிறுத்தலாம். நவம்பரில் ஏரிக்கரை மண் மழையில் ஊறிச் சக்கரத்தை விழுங்கும். ஜனவரி பிற்பாதியில் தரை இறுகிவிடும், இரவும் இதமாக இருக்கும், ஃபேனைக்கூடக் குறைத்து வைக்கலாம்.