வெயிலில் வேலை, விடியலில் ஓட்டம், வீட்டில் பொறுப்பு: மூன்றையும் உடல் எப்படித் தாங்கும்?

காலை 4.15-க்கு அலாரம். 5 மணிக்கு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் ஓட்டம். 8.30-க்கு ஓ.எம்.ஆர். சைட். ஒன்பது மாடிக் கட்டடம், லிஃப்ட் இன்னும் பொருத்தவில்லை. மாலை 6.30 வரை படி ஏறி இறங்கி, வெயிலில் நின்று வேலை. வீடு வந்தால் மகளின் ஹோம்வொர்க், மளிகை, அப்பாவின் பிரஷர் மாத்திரை. படுக்கப் போகும்போது மணி 11.30.

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்குத் தயாராகும் ஒரு சைட் இன்ஜினியரின் நாள் இப்படி என்று வைத்துக்கொள்வோம். போனில் 16 வாரப் பயிற்சித் திட்டம் இருக்கிறது. வாரத்துக்கு ஐந்து ஓட்டம். ஞாயிறுதோறும் நீண்ட ஓட்டம்.

முதல் மாதம் உற்சாகமாகப் போகிறது. எட்டாவது வாரத்தில் வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. இரண்டு முறை சளி, காய்ச்சல். முழங்காலில் வலி. வீட்டில், "ஞாயித்துக்கிழமைகூட ஆளைப் பார்க்க முடியலையே" என்ற குரல். 'நமக்குத்தான் மன உறுதி இல்லையோ' என்று அவருக்கே சந்தேகம் வந்துவிடுகிறது.

மன உறுதியில் குறை இல்லை. கணக்கில்தான் குறை. அந்தப் பயிற்சித் திட்டம், பகல் முழுக்க ஏ.சி. அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரை மனதில் வைத்து எழுதப்பட்டது. சைட் இன்ஜினியர், சர்வேயர், லைன்மேன், டெலிவரி ஊழியர், டிராஃபிக் போலீஸ், வனக் காவலர், டவர் டெக்னீஷியன் என்று வெளியே நின்று உழைப்பவர்களுக்கு அது அப்படியே பொருந்தாது.

உடல் எப்படிக் கணக்கு வைக்கிறது?

ஓட்டத்துக்கு ஒரு கணக்கு, வேலைக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு என்று உடலில் தனித்தனி லெட்ஜர் கிடையாது. களைப்பு எங்கிருந்து வந்தாலும் ஒரே கணக்கில்தான் பற்று விழும். தூக்கமும் சாப்பாடும்தான் வரவு.

இதை அளக்க விளையாட்டு அறிவியலில் ஓர் எளிய வழி இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் கார்ல் ஃபாஸ்டர் பரவலாக்கிய முறை அது. பயிற்சி எவ்வளவு கடினமாக இருந்தது என்று 0 முதல் 10-க்குள் நீங்களே மார்க் போட வேண்டும். அதை நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை கிடைக்கும்.

நம் இன்ஜினியரின் ஒரு மணி நேரக் காலை ஓட்டத்துக்கு மார்க் 4 என்றால், 60 × 4 = 240. ஆபீஸில் வேலை பார்க்கும் அவர் நண்பருக்கு அன்றைய கணக்கு அதோடு முடிந்தது. இன்ஜினியருக்கு முடியவில்லை. சைட்டில் படியிலும் வெயிலிலும் கழியும் நேரம் குறைந்தது 3 மணி நேரம். மார்க் 3 போட்டாலும் 180 × 3 = 540. மொத்தம் 780. ஒரே ஓட்டம், ஒரே தூரம்; சுமை மட்டும் நண்பரைவிட மூன்று மடங்குக்கு மேல்.

ஸ்லாப் கான்கிரீட் போடும் நாள் என்றால் இன்னும் மோசம். 5 மணி நேரம், மார்க் 5: மொத்தம் 1,500. ஞாயிற்றுக்கிழமை 2 மணி 40 நிமிடம் ஓடும் நீண்ட ஓட்டத்துக்கு அதே மார்க் போட்டால்கூட 800-தான் வரும். அதாவது கான்கிரீட் நாளில் அவர் கிட்டத்தட்ட இரண்டு 'லாங் ரன்' முடித்துவிட்டு வீடு திரும்புகிறார். மறுநாள் காலை திட்டத்தில் 'வேக ஓட்டம்' என்று இருக்கும்!

இந்த முறை விளையாட்டுக்காக உருவானது. வேலைக்குப் பயன்படுத்தும்போது இது தோராயக் கணக்குதான். ஆனால் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தால், களைப்பு எங்கிருந்து வருகிறது என்பது பளிச்சென்று தெரிந்துவிடும்.

'வேலையே எக்சர்சைஸ்தானே?'

சைட்டில் வேலை பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம் இது. இதற்கு ஆதாரமாகச் சொல்லத்தக்க மனிதர்களும் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் உருளைக்கிழங்கு பயிரிட்ட விவசாயி கிளிஃப் யங், 1983-ல் தன் 61-வது வயதில் சிட்னியிலிருந்து மெல்போர்னுக்கு 875 கிலோமீட்டர் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தார். எடுத்துக்கொண்டது 5 நாள் 15 மணி 4 நிமிடம். இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்ட் பகுதியில் ஆடு மேய்த்த ஜாஸ் நெய்லர், 1975-ல் 24 மணி நேரத்துக்குள் 72 மலை உச்சிகளை ஓடிக் கடந்தார். இருவருக்கும் அன்றாட வேலையே அடித்தளமாக அமைந்தது.

ஆனால் எல்லா உடலுழைப்பும் இப்படி உதவுவதில்லை. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 1,04,046 பேரை வைத்து நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. ஓய்வு நேரத்தில் அதிகம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் ஆபத்து குறைவாக இருந்தது. வேலையில் அதிகம் உடலை வருத்தியவர்களுக்கோ ஆபத்து கூடுதலாக இருந்தது. விஞ்ஞானிகள் இதை 'உடலுழைப்பு முரண்' என்கிறார்கள்.

காரணம் என்ன என்பதில் விவாதம் தொடர்கிறது. முன்வைக்கப்படும் விளக்கங்களில் முக்கியமானது இது: ஓட்டத்தில் வேகம் உங்கள் கையில், முடிந்ததும் ஓய்வும் உங்கள் கையில். வேலையில் இரண்டும் உங்கள் கையில் இல்லை. மணிக்கணக்கில் நிற்பது, தூக்குவது, போதிய இடைவெளி இல்லாமல் மறுநாளும் அதையே செய்வது இதயத்தைப் பலப்படுத்துவதில்லை, களைப்படையத்தான் வைக்கிறது. கிளிஃப் யங்கும் நெய்லரும் தங்கள் நிலத்தில், குளிர்ந்த மலைக்காற்றில், தங்கள் வேகத்தில் வேலை செய்தவர்கள். கத்திரி வெயிலில் மேஸ்திரி சொல்லும் வேகத்துக்கு ஓட வேண்டியவரின் நிலை வேறு.

வெயில் என்ன செய்கிறது?

வெப்பத்தில் உடலைக் குளிரவைக்க ரத்தம் தோலை நோக்கிப் பாய்கிறது. தசைக்கும் ரத்தம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து இதயம் வேகமாகத் துடிக்கிறது. அதனால்தான் அதே வேகத்தில் ஓடினாலும் வெயில் காலத்தில் மூச்சு வாங்குகிறது.

'காலையில் ஓடினால் வெயில் இல்லையே' என்று தோன்றலாம். கடலோரச் சென்னையில் விடியற்காலையில் வெப்பநிலை குறைவு, ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. அந்த நாட்களில் வாட்ச் காட்டும் வேகத்தைத் துரத்தாமல், பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்ப்பதே சரி.

உடல் வெப்பத்துக்குப் பழக 7 முதல் 14 நாள் ஆகும். அமெரிக்காவின் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், வெப்பமான இடத்தில் புதிதாகச் சேருபவர் முதல் நாள் 20 சதவீத நேரம் மட்டும் வேலை செய்து, நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போகலாம் என்கிறது. ஆபீஸிலிருந்து சைட்டுக்கு மாற்றலாகி வந்தவர்களும், நீண்ட விடுப்பு முடிந்து திரும்பியவர்களும் அந்த முதல் வாரத்தில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பது நல்லது.

தண்ணீருக்கு அதே நிறுவனம் சொல்லும் கணக்கு: வெயிலில் வேலை செய்யும்போது 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 240 மில்லி. ஒரு மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தொடக் கூடாது. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரைப் பரிசோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. நீண்ட நேரம் வியர்த்தால் உப்பு போட்ட மோர், நீராகாரம், ஓ.ஆர்.எஸ். என்று ஏதாவது ஒன்று சேர வேண்டும்.

பெண்களுக்குக் கூடுதல் சிக்கல்

களப்பணியில் இருக்கும் பெண்கள் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். சைட்டில் டாய்லெட் இல்லை என்பதுதான் காரணம். முந்தைய பகலில் வறண்ட உடலோடுதான் மறுநாள் விடியலில் ஓட்டம் தொடங்குகிறது. இதைப் பயிற்சித் திட்டத்தால் சரிசெய்ய முடியாது. டாய்லெட் கட்டித் தருவது நிர்வாகத்தின் வேலை.

அடுத்தது ரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. 'ஸ்டாமினா வரலையே' என்று நினைப்பவர்கள் ஷூவை மாற்றுவதற்கு முன் ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துவிடலாம். பயிற்சி கூடி மாதவிடாய் தள்ளிப்போனாலோ நின்றாலோ, உழைப்புக்கு ஏற்ற சாப்பாடு உள்ளே போகவில்லை என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம். டாக்டரைப் பார்க்க வேண்டும்.

சரி, என்னதான் பண்றது?

ஓட்டங்களைக் குறையுங்கள்: களப்பணியாளருக்கு வாரத்துக்கு மூன்று ஓட்டம் போதும். ஒன்று நீளம், ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று மிக மெதுவாக. ஜப்பானின் யூகி கவாவுச்சி முழுநேர அரசு ஊழியராக இருந்துகொண்டே 2018 பாஸ்டன் மாரத்தானில் 2 மணி 15 நிமிடம் 58 விநாடியில் ஜெயித்தார். தொழில்முறை வீரர்கள் நாளுக்கு இரண்டு முறை பயிற்சி செய்ய, அவர் பெரும்பாலும் ஒரு முறைதான் ஓடினார்.

வேலை காலண்டரை முதலில் பாருங்கள்: கான்கிரீட் நாளுக்கும் அதன் மறுநாளுக்கும் ஓட்டமே வேண்டாம். வேக ஓட்டத்தை மீட்டிங், பில் வேலை என்று உட்கார்ந்து பார்க்கும் வேலை இருக்கும் நாளில் வையுங்கள். வடகிழக்குப் பருவமழையில் சில ஓட்டங்கள் தவறத்தான் செய்யும். தவறியதை அடுத்த நாள் சேர்த்து ஓடி ஈடுகட்ட வேண்டாம்.

தூக்கத்தில் கை வைக்காதீர்கள்: பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. 4.15-க்கு எழ வேண்டுமானால் 9 மணிக்குப் படுக்க வேண்டும். 11.30-க்குத்தான் படுக்க முடிந்தது என்றால் வெட்ட வேண்டியது ஓட்டத்தை.

ஓடிவிட்டு வெறும் வயிற்றோடு சைட்டுக்குப் போகாதீர்கள்: இட்லியோடு முட்டையோ சுண்டலோ சேரட்டும். 'வழியில் டீ, பன்' என்பது உழைக்கும் உடலுக்குக் காணாது.

அந்த மூன்று மணி நேரம் யாருடையது?

இனி வீட்டுக்கு வருவோம். ஞாயிறு காலை ஒருவர் மூன்று மணி நேரம் ஓடும்போது, குழந்தையை எழுப்பி, மாவு ஊற்றி, அப்பாவுக்கு மாத்திரை கொடுப்பது வேறு யாரோ. 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக நாளுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். பல ஆண்களின் 'பேலன்ஸ்' இந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

எனவே பந்தயத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசுவது பயிற்சியின் முதல் நாள். எத்தனை ஞாயிறு, எத்தனை மணிக்குள் திரும்புவது, அதற்குப் பதிலாக எந்த நேரம் மனைவிக்கோ கணவருக்கோ முழுசாக விடப்படும் என்று பேசி முடிவெடுக்க வேண்டும்.

எப்போது நிறுத்த வேண்டும்?

காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு சில நாட்களாக வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால், சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வந்தால், களைத்தும் தூக்கம் வராவிட்டால் ஒரு வாரம் பயிற்சியைக் குறையுங்கள். சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கலாம், உடனே மருத்துவமனை.

வெயிலில் ஒருவர் குழம்பிப் பேசினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்கலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திருக்காமல் நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். தமிழக அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் உயிரை எடுக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய ஒப்புதல் வேண்டியதில்லை.

நம் இன்ஜினியரின் புதிய வாரம் இப்படி இருக்கலாம்: செவ்வாய் 40 நிமிடம் மெதுவாக. வியாழன் சைட் மீட்டிங் நாள் என்பதால் கொஞ்சம் வேகம். ஞாயிறு நீண்ட ஓட்டம், 8 மணிக்குள் வீடு. அன்றைய டிபன் அவர் பொறுப்பு. இந்த ஜனவரியில் 42.195 கிலோமீட்டருக்குப் பதில் அரை மாரத்தான். முழு தூரம், அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் வந்த பிறகு.