மாத்திரை உயிரைக் காக்கிறது. இருதயத்தை யார் காப்பது?



இந்த முறை நாம் பேசப்போவது, லயத்து வாசலில் உட்கார்ந்து யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு விஷயம். உடம்பில் எச்ஐவி கிருமி உள்ளவர்களுக்கு வரும் இருதய நோயைப் பற்றியும், அவர்கள் சாப்பிட வேண்டிய சாப்பாட்டைப் பற்றியும் சொல்லப்போகிறோம். "அந்தச் சீக்கு நமக்கு எதுக்குப்பா, பக்கத்தைத் திருப்பு" என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இல்லாமல் இருக்கலாம். உங்கள் அண்ணன் தம்பி வீட்டில் இருந்து, அவர் உங்களிடம் சொல்லப் பயந்து சொல்லாமல் இருக்கலாம். அதோடு, கீழே சொல்லப்படும் சாப்பாட்டு முறை அந்தக் கிருமி இல்லாதவருக்கும் நன்மை தருவதுதான்.

காலம் மாறிவிட்டது

மலேசியாவில் எச்ஐவி முதன்முதலாக 1986இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த நாளில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. ஆள் இளைத்து, எலும்பும் தோலுமாகி, சில ஆண்டுகளில் போய்விடுவார். இன்னும் பலருடைய மனத்தில் நிற்பது அந்தப் படந்தான்.

இன்றைய நிலைமை வேறு. 1996 முதல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சை வந்தது. நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் 2006 முதல் முதல்நிலை மருந்துகள் இலவசமாகக் கிடைக்கின்றன. தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிடுகிறவர் மற்றவரைப் போலவே உழைக்கலாம், குடும்பம் நடத்தலாம், பேரன் பேத்தியைப் பார்க்கலாம். இரத்தப் பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் கிருமி அடங்கி, அப்படியே நீடித்தால், உடலுறவின் மூலம் அது கணவனுக்கோ மனைவிக்கோ பரவாது. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதைத் தடுத்துக் காட்டியதற்காக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்றிதழ் வழங்கியது.

நல்ல சேதிதான். ஆனால் நீண்ட நாள் வாழ்கிறவருக்கு, நீண்ட நாள் வாழ்கிறவரின் நோய்களும் வரும். எச்ஐவி உள்ளவருக்கு மாரடைப்பு போன்ற இருதய நோய் வரும் அபாயம் மற்றவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிருமியிடமிருந்து தப்பியவர் மாரடைப்பில் போகலாமா?

ஏன் இப்படி?

காரணங்கள் மூன்று.

முதலாவது, நீறு பூத்த நெருப்பு. மாத்திரை கிருமியை அடக்கிவிடும், அடியோடு அழித்துவிடாது. அடங்கிக் கிடக்கும் கிருமியோடு உடம்பு ஓயாமல் போராடிக்கொண்டே இருக்கிறது. இந்தப் போராட்டத்தால் இரத்தக் குழாயின் உட்சுவர் புண்ணாகிறது. புண்ணான இடத்தில் கொழுப்பு வந்து படிகிறது. பால்மரத்தின் வெட்டுக் கோட்டில் பால் உறைந்து ஒட்டிக்கொள்ளும் அல்லவா? அதுபோல் ஆண்டுக் கணக்கில் படிந்து தடிக்கிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடித்து, அந்த இடத்தில் இரத்தம் கட்டியாகிக் குழாயை அடைத்துவிட்டால் அதுதான் மாரடைப்பு. மூளைக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் பக்கவாதம்.

இரண்டாவது, சில மருந்துகள். எச்ஐவிக்கான பழைய மருந்துகளில் சில, இரத்தத்தில் கொழுப்பைக் கூட்டும். புதிய மருந்துகளில் சில, உடல் எடையைக் கூட்டும்.

மூன்றாவது, நாமே செய்துகொள்வது: சிகரெட், உப்பு, சீனி, கவனிக்காமல் விட்ட இரத்த அழுத்தம், கவனிக்காமல் விட்ட நீரிழிவு. "நான் தினமும் வெட்டுக்குப் போறேன், குலை அறுக்கிறேன், எனக்கு எப்படி மாரடைப்பு வரும்?" என்று கேட்பவர் உண்டு. உழைப்பு இருதயத்துக்கு நல்லதுதான். ஆனால் நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டையும் கட்டுக்கடங்காத இரத்த அழுத்தத்தையும் உழைப்பு ஒன்றே கழுவிவிடாது.

மாத்திரையை நிறுத்தாதீர்கள்!

மேலே சொன்னதைப் படித்துவிட்டு, "மருந்துதானே கொழுப்பைக் கூட்டுது, விட்டுட்டா போச்சு" என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். இப்படி விட்டு விட்டுச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு பெரிய ஆராய்ச்சியில் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. மருந்தை இடையிடையே நிறுத்தியவர்களில்தான் அதிகம் பேர் இறந்தார்கள்; இருதயக் கோளாறும் அவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. ஏனென்றால், மாத்திரையை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த நெருப்பு மறுபடியும் பற்றிக்கொள்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். வேறு மருந்துக்கு மாற்ற வழி உண்டு. நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

ஒரே சட்டியில் சமையுங்கள்

இனி சாப்பாட்டுக்கு வருவோம். ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். மகனுக்கு எச்ஐவி இருப்பது தாய்க்கு மட்டும் தெரியும். "புள்ள எளைச்சுட்டா ஊரு கண்டுபிடிச்சுரும்" என்ற பயத்தில், அவர் நெய்யும் முட்டையும் பொரித்த கோழியும் டின் பால் ஊற்றிய மைலோவுமாகக் கொடுத்து மகனைத் தேற்றுகிறார். மகன் பெருத்துக்கொண்டே போகிறான். ஊர் வாய் அடைந்துவிட்டது. கூடவே அவன் இரத்தக் குழாயும் அடைபடத் தொடங்கிவிட்டது. அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. ஆள் இளைத்துச் செத்த காலத்தில் "நல்லா சாப்பிட்டு உடம்பு ஏத்து" என்பது சரியான புத்திமதியாக இருந்தது. இன்று மருந்து சாப்பிட்டுத் தேறியவருக்கு அதுவே தீங்கு. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கு உள்ளும், பெண்களுக்கு 80க்கு உள்ளும் இருப்பது நல்லது. வீட்டில் தையல் நாடா இருந்தால் இன்றே அளந்து பாருங்கள்.

இன்னொரு வீட்டில், அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, தனிச் சட்டி. இது வீண் பயம். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ, ஒரே குவளையில் குடிப்பதாலோ, அவர் சமைத்ததைச் சாப்பிடுவதாலோ எச்ஐவி பரவாது. அவருக்கென்று தனிச் சமையலும் தேவையில்லை. அவர் இருதயத்துக்கு எது நல்லதோ அதுவே நீரிழிவுள்ள அப்பாவுக்கும், இரத்த அழுத்தமுள்ள அம்மாவுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் நல்லது. ஆகவே தனிச் சட்டி வைக்காதீர்கள்; வீட்டுச் சட்டியையே மாற்றுங்கள். ரகசியமாக மருந்து சாப்பிடுகிறவருக்கும் இதனால் ஓர் அனுகூலம் உண்டு: "உனக்கு மட்டும் ஏன் தனிச் சாப்பாடு?" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எப்படி மாற்றுவது?

தட்டு: நம் சுகாதார அமைச்சு "சுக்கு சுக்கு செப்பாரு" என்று சொல்லிவருகிறது. தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ முட்டையோ பருப்போ கோழியோ, மீதி அரைப் பங்கு கறிகாயும் பழமும். நம் வீட்டில் முக்கால் தட்டு சோறும் ஓரத்தில் ஒரு கரண்டி கறியும் இருக்கிறது. கடினமாக உழைப்பவருக்குச் சோறு கொஞ்சம் கூடுதலாக வேண்டியிருக்கும். அப்போது கறிகாயும் கூடட்டும். லயத்துப் பின்புறம் முருங்கைக் கீரை இருக்கிறது, கங்கோங் இருக்கிறது. காசு கொடுத்து வாங்காத மருந்து அது.

உப்பு: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். கருவாடு, உப்புமீன், ஊறுகாய், சோயா கிச்சாப்பு, பாக்கெட் மீயோடு வரும் மசாலாத் தூள் எல்லாவற்றிலும் இருக்கும் உப்பும் இந்தக் கணக்கில் சேரும். கருவாட்டை அடியோடு விடச் சொல்லவில்லை. தினமும் என்பது வாரம் ஒருமுறை ஆகட்டும். தண்ணீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவிச் சமையுங்கள்.

எண்ணெய்: செம்பனைக் குலையை அறுத்துப் போடுகிற நமக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். செம்பனை எண்ணெயில் ஏறக்குறைய பாதி, இரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டும் வகை. தேங்காய் எண்ணெயில் அது பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல். எந்த எண்ணெயானாலும் அளவு குறையட்டும். பொரிப்பதைக் குறைத்து, குழம்பு வையுங்கள், அவித்துச் சாப்பிடுங்கள். கெட்டித் தேங்காய்ப் பால் கறி விசேஷ நாளுக்கு இருக்கட்டும். ஒருமுறை பொரித்த எண்ணெயைக் கறுக்கக் கறுக்க மறுபடியும் காய்ச்சாதீர்கள்.

மீன்: விலை உயர்ந்த மீன் வேண்டாம். சந்தையில் கிடைக்கும் கெம்போங் மீன் இருதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ள மீன். குழம்பு வைத்து வாரம் இரண்டு முறை சாப்பிடலாம்.

சீனி: ஒரு மேசைக்கரண்டி டின் பாலில் 2 தேக்கரண்டிக்குக் குறையாமல் சீனி இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு கிளாஸ் தேத்தண்ணி குடிப்பவர் கணக்குப் போட்டுப் பாருங்கள். பசியாறும்போது ஒரு கிளாஸ் தித்திப்பாக இருக்கட்டும். மற்றவை கோசோங்காக இருக்கட்டும். போத்தல் தண்ணீரும் கலர் தண்ணீரும் ஒன்றல்ல. தாகத்துக்குப் பச்சைத் தண்ணீர் போதும்.

சிகரெட்: இது சாப்பாடு இல்லை என்றாலும் சொல்லாமல் விட முடியாது. சாப்பாட்டில் எவ்வளவு திருத்தம் செய்தாலும், சிகரெட்டை விடாதவர் ஓட்டை வாளியில் பால் எடுக்கிறவர்தான். விட்டுவிட்டால், சிகரெட்டால் கூடிய இருதய ஆபத்து ஒரே ஆண்டில் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது. சம்சுவையும் மற்ற மதுவையும் விட்டால் இரத்த அழுத்தமும் இறங்கும், மாத்திரை நேரமும் தவறாது.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

இரத்த அழுத்தம், சீனி, கொழுப்பு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 40 வயது தாண்டியவர் இன்னொன்றும் கேளுங்கள். 12 நாடுகளில் எச்ஐவி உள்ள 7,769 பேரிடம் நடந்த ஓர் ஆராய்ச்சியின் முடிவு 2023இல் வந்தது. அவர்கள் 40 முதல் 75 வயது வரை உள்ளவர்கள். இருதய ஆபத்து அதிகம் என்று கருதப்படாதவர்கள். தினமும் பிட்டாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை, வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 35 விழுக்காடு குறைவாக வந்தன. தசைவலி போன்ற பக்கவிளைவும் சிலருக்கு உண்டு. "இது எனக்குத் தேவையா, டாக்டர்?" என்று கேட்பது உங்கள் உரிமை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை! வேறு கிளினிக்கில் மருந்து வாங்கும்போது, வெட்கப்பட்டு எச்ஐவி மாத்திரையை மறைக்காதீர்கள். சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையும் ரிட்டோனாவிர் என்ற எச்ஐவி மருந்தும் சேர்ந்தால் தசைகள் கடுமையாகக் கெட்டு, சிறுநீரகமே பாதிக்கப்படலாம். வயிற்றெரிச்சல் மருந்தும், இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளும் சில எச்ஐவி மருந்துகளை உடம்பில் சேரவிடாது. நாட்டு மருந்து, ஜாமு சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், மாத்திரைப் போத்தலை எடுத்துக் காட்டினால் போதும்.

நெஞ்சை அழுத்திப் பிடிக்கும் வலி, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள். பெண்களுக்கும் நீரிழிவுள்ளவருக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் களைப்பும் மட்டும் வரலாம்.

தோழர்களே! சுவர் இருந்தால்தான் சித்திரம். உழைப்பாளிக்கு உடம்பே முதல். எச்ஐவி உள்ளவரும் நம் தோழர். நம்மோடு பெரட்டில் நிற்பவர், நம்மோடு சந்தா கட்டுகிறவர். அவரைத் தள்ளி உட்கார வைக்காதீர்கள். இன்று இரவு அவரும் நீங்களும் ஒரே சட்டியிலிருந்து சாப்பிடுங்கள். அந்தச் சட்டியில் உப்பும் எண்ணெயும் கொஞ்சம் குறையட்டும்.