உள்ளே ஒழுகும் நீர்

சேலத்திலிருந்து கோவைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள சங்ககிரி, லாரித் தொழிலால் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள பட்டறை ஒன்றிற்குப் பழைய வேன் வருகிறது எனக் கொள்வோம். அதன் ரேடியேட்டரில் நாள்தோறும் நீர் குறைகிறது. தரையிலோ ஒரு துளியும் சிந்தவில்லை. அந்நீர் எங்கே சென்றது?

எஞ்சினின் உடற்பகுதிக்கும் அதன் மேல்மூடிக்கும் இடையே கேஸ்கட் என்னும் மெல்லிய தகடு உண்டு. நீரும் எண்ணெயும் எரியும் வாயுவும் ஒன்றோடொன்று கலவாமல் காப்பது அதுவே. மிகுந்த வெப்பத்தால் அது பழுதுற்றால் நீர் உள்ளே கசியும்.

அக்கசிவு கண்ணுக்குப் புலப்படாது. ஆயினும் அதன் அடையாளங்கள் புலப்படும். அளவுகோலை உருவிப் பார்க்குங்கால் எண்ணெய் பால் கலந்த தேநீர்போல் வெளுத்திருப்பின், அதில் நீர் கலந்துள்ளது எனலாம். எஞ்சின் நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை ஓயாது வருமாயின், நீர் சிலிண்டருள் புகுகின்றது. ரேடியேட்டரில் குமிழிகள் இடைவிடாது எழுமாயின், வாயு நீருக்குள் வருகின்றது. எஞ்சின் ஆறிய பின்னரே ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் வேண்டும். சூட்டில் திறந்தால் கொதிநீர் பீறிட்டு உடலைச் சுடும்.

நீரை ஊற்றிக்கொண்டே வண்டியை ஓட்டுவோரும் உளர். நீர் கலந்த எண்ணெயால் பேரிங்குகள் தேயும். கேஸ்கட்டோடு முடியவேண்டிய செலவு எஞ்சினையே விழுங்கும். அவ்வண்டியை நம்பி வாழும் குடும்பத்திற்கு அஃது எத்துணைப் பேரிழப்பு! ஆதலின், நீர் குறைந்த அன்றே காரணத்தை நாடுதல் நன்று.